திரிஸ்தான் தா குன்ஹா: மீண்டு வந்தோரின் தீவு

ஆபிரிக்காக் கண்டத்தின் தென்முனைக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையே பரந்து கிடப்பது தென் அத்திலாந்திக் சமுத்திரம். உலகப் படத்தில் அப்பகுதியைக் கூர்ந்து நோக்குவீர்களாயின், நீல நிறத்தின் நடுவே ஊசிமுனையால் தொட்டாற் போன்ற சில புள்ளிகள் தென்படும். அவற்றுள் ஒன்றே திரிஸ்தான் தா குன்ஹா. மனிதர் நிலையாகக் குடியிருக்கும் தீவுகளுள் மிகத் தொலைவில் தனித்திருப்பது இதுவேயாகும். 250 பேருக்கும் குறைவானோரே அங்கு வாழ்கின்றனர்.

பூமிசாஸ்திர வகுப்பில் இத்தீவைப் பற்றிக் கூறும்போதெல்லாம் மாணவர் ஒருவரேனும் எழுந்து, “அப்படிப்பட்ட இடத்தில் அவர்கள் ஏன் ஐயா இருக்கிறார்கள்?” என்று வினவாமல் இருந்ததில்லை. நெடுங்காலமாக அவ்வினாவுக்கு யான் கூறிவந்த விடை, அவர்களுடைய முன்னோர் அங்கே குடியேறினர் என்பதே. அவ்விடை போதாதென்பதைப் பின்னரே உணர்ந்தேன். ஏனெனில் அம்மக்கள் ஒருகால் அத்தீவை விட்டு முற்றாக வெளியேறி, நாகரிக வசதிகள் நிறைந்த நாடொன்றில் இரண்டாண்டுகள் வாழ்ந்து, பின்னர் தாமே விரும்பித் திரும்பிச் சென்றவர்கள். அவ்வரலாற்றையே இன்று தங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

முதலில் தீவின் இயல்பைக் காண்போம். தென் அகலக்கோடு 37 பாகையளவிலும் மேல் நெடுங்கோடு 12 பாகையளவிலும் இது அமைந்துள்ளது. நிலையான குடிகள் உள்ள மிக அண்மைய நிலம் சென் ஹெலனாத் தீவு. அதுவும் வடக்கே 1,500 மைலுக்கு அப்பால் உள்ளது. கிழக்கேயுள்ள கேப்டவுன் துறைமுகம் ஏறக்குறைய 1,700 மைல் தொலைவினது. தீவில் விமான நிலையம் இல்லை. கேப்டவுனிலிருந்து கப்பலேறினால், கடல் அமைதியாக இருக்கும்போதும், ஒரு வாரமளவு செல்லும். சென்றடைந்த பின்னரும், அலை அடங்கி வள்ளம் கரைசேரும்வரை கப்பலிற் காத்திருக்க நேர்வதுண்டு.

தீவு ஏறத்தாழ வட்டவடிவமானது. பரப்பு 38 சதுர மைல் மாத்திரமே. உண்மையில் இது கடலடியிலிருந்து எழுந்த எரிமலை ஒன்றின் நீர்மட்டத்துக்கு மேற்பட்ட பகுதியாகும். கரையின் பெரும்பாகத்தில் 2,000 அடி உயரமான செங்குத்துப் பாறைகள் மதில்போல் நிற்கின்றன. அவற்றின் மேலே தீவை நடுநோக்கி ஏறினால் 6,760 அடி உயரமான சிகரத்தை அடையலாம். மாரியில் அச்சிகரத்தைப் பனி மூடும். வடமேற்கே, மலைக்கும் கடலுக்கும் இடையில், ஒடுங்கிய சமநிலம் ஒன்று உண்டு. குடியிருப்பு முழுவதும் அத்துண்டு நிலத்திலேயே அமைந்துள்ளது. சற்றுத் தொலைவில், கற்சுவர்களாற் சூழப்பட்ட சிறுசிறு தோட்டங்களில் உருளைக்கிழங்கு விளைகின்றது. காற்றின் வேகத்தால் உயர்ந்த மரங்கள் செழிப்பதில்லை. தானியப் பயிரும் நிலைப்பதில்லை. ஆகவே உருளைக்கிழங்கே அம்மக்களுக்குச் சோற்றின் இடத்தில் உள்ளது.

அண்மையில் இன்னுஞ் சில தீவுகள் உள. ஒன்றின் பெயர் நைற்றிங்கேல். மற்றொன்றின் பெயர், அணுகமுடியாத தீவு எனப் பொருள்படும் ‘இனக்சசிபிள்’. உலகிலுள்ள பறக்கவியலாப் பறவைகளுள் மிகச் சிறியது இவ்விரண்டாவது தீவிலேயே வாழ்கின்றது, வேறெங்கும் இல்லை. தெற்கே வெகுதூரத்தில் கோவ் என்னும் தீவு இருக்கின்றது. இவை கடற்பறவைகளுக்கும் பென்குயின்களுக்கும் உரிய இல்லங்கள்.

1506 ஆம் ஆண்டிலே இந்தியாவை நோக்கிச் சென்ற போர்த்துக்கேயக் கடற்படைத் தலைவரான திரிஸ்தான் தா குன்ஹா இத்தீவைக் கண்டார். அவர் கரையிறங்கவில்லையாயினும் அவர் பெயர் நிலைத்துவிட்டது. கரையிறங்கியவராக முதன்முதற் பதிவு பெற்றோர், 1643 இல் வந்த ‘ஹீம்ஸ்டீட்’ என்னும் கப்பலின் ஒல்லாந்த மாலுமிகள். நமது நாட்டின் கரையோரத்தைப் பின்னாளில் ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலே அது. பாய்க்கப்பற் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து கீழைத் தேயங்களுக்கு வந்த கப்பல்கள் தென் அத்திலாந்திக்கின் மேல்காற்றைப் பற்றிக்கொண்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்தன. ஆதலால், இன்று உலகின் மூலையிற் கிடப்பதாகத் தோன்றும் இத்தீவு அந்நாளில் பெருவழியொன்றின் ஓரத்தில் இருந்தது.

குடியேற்ற முயற்சியை முதலில் மேற்கொண்டவர் அமெரிக்காவின் சேலம் நகரத்தவரான ஜொனதன் லம்பேர்ட். 1810 இன் இறுதியில் இருவருடன் வந்திறங்கிய அவர், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தீவுகளைத் தமக்கே உரியவையென அறிவித்து, ‘இளைப்பாற்றுத் தீவுகள்’ எனப் பொருள்படும் புதுப்பெயரும் இட்டார். வழிப்போகும் கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் விற்பது அவர் எண்ணம். ஆயினும் 1812 இல் அவர் கடலில் மூழ்கி இறந்தார். அவர் குழுவைச் சேர்ந்த இத்தாலியர் ஒருவரே தீவில் எஞ்சினார்.

அடுத்து வந்தது பிரித்தானிய அரசு. நெப்போலியன் சென் ஹெலனாவிற் சிறைவைக்கப்பட்டிருந்த காலம் அது. அவரை மீட்க முயல்வோர் திரிஸ்தானைத் தளமாகக் கொள்ளக்கூடும் என்ற ஐயம் ஒருபுறம். முந்திய போரில் அமெரிக்கக் கப்பல்கள் அத்தீவைப் பயன்படுத்திய அனுபவம் மறுபுறம். 1816 ஓகஸ்டில் பிரித்தானியர் தீவைக் கைக்கொண்டு, நன்னம்பிக்கை முனையிலிருந்து காவற்படையொன்றை அனுப்பினர். படை நெடுநாள் இருக்கவில்லை. 1817 இல் அதை மீட்டுக்கொள்ளும் ஆணை பிறந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில், தீவின் அருகே நங்கூரமிட்டிருந்த ‘யூலியா’ என்னும் போர்க்கப்பல் பாறையில் மோதுண்டு 55 பேர் மாண்டனர். அக்கடலின் கொடுமைக்கு அது முதற்சான்று.

படை புறப்பட்ட வேளையில் ஒருவர் மாத்திரம் புறப்பட மறுத்தார். அவர் ஸ்கொத்லாந்தின் கெல்சோ என்னும் ஊரிற் பிறந்த பீரங்கிப்படைக் கோப்ரல் வில்லியம் கிளாஸ். மனைவி மக்களுடன் அங்கேயே தங்க அனுமதி பெற்றார். பிளிமத் நகரத்துக் கற்றச்சர் இருவரும் அவருடன் நின்றனர். 1817 நவம்பர் 7 ஆம் நாள் அவர்கள் ஓர் உடன்படிக்கை எழுதினர். ஆடு மாடுகளும் பண்டங்களும் அனைவருக்கும் சமபங்கு; வரும் இலாபமும் சமபங்கு; செலவும் சமபங்கு; ஒருவர் மற்றொருவருக்கு மேலானவர் என்ற நிலை எவருக்கும் இல்லை; இவையே அதன் சாரம். இராணுவத்தின் மேல்நிலை கீழ்நிலை ஒழுங்கிலே பழகிய ஒருவர் இங்ஙனம் எழுதியது வியப்புக்குரியது. அவ்வெழுத்தே அத்தீவின் அரசியற் சட்டம் போலாயிற்று. இன்றும் அங்கு நிலம் பொதுவுடைமையே. ஒரு குடும்பம் எத்தனை மாடு, எத்தனை ஆடு வளர்க்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. வெளியார் நிலம் வாங்கவோ விரும்பியபடி வந்து குடியேறவோ இயலாது.

கிளாசின் குடியிருப்பு கடலிற் சிதைந்தோர்க்குப் புகலிடமுமாயிற்று. 1821 இல் பம்பாய்க்குச் சென்ற ‘பிளென்டன் ஹோல்’ என்னும் கப்பல் இனக்சசிபிள் தீவில் உடைந்தது. தப்பியோர் பல மாதங்கள் பென்குயின் இறைச்சியையும் முட்டையையும் உண்டு உயிர் தாங்கினர். பின்னர் உடைந்த மரங்களால் வள்ளம் அமைத்துத் திரிஸ்தானை அடைந்த சிலர் செய்தி கூறவே, கிளாசும் அவர் தோழரும் துணிந்து சென்று எஞ்சியோரை மீட்டனர்.

காலப்போக்கில் மாலுமிகள் சிலர் அங்கேயே தங்கினர். ஆனால் அவர்களுக்கு மனைவியர் இல்லை. கப்பற்றலைவர் ஒருவர் 1827 இல் சென் ஹெலனாவிலிருந்து ஐந்து பெண்களை அழைத்து வந்தார். ஐரோப்பிய, ஆபிரிக்க, ஆசிய இனத்தவர் கலந்து வாழ்ந்த தீவு சென் ஹெலனா. முன்பின் அறியாத ஐவரை மணப்பதற்காக, முன்பின் காணாத கரையில் இறங்கிய அப்பெண்களின் மனநிலையை எந்த ஏடும் நமக்குக் கூறவில்லை. எனினும் குடியிருப்பு வேரூன்றியது அவர்களாலேயே. பின்னர் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக்காரரும், 1836 இல் கப்பலுடைந்து வந்த ஒல்லாந்தரான பீற்றர் கிறீனும், 1892 இல் அவ்வாறே வந்த இத்தாலியர் இருவரும் சேர்ந்தனர். கிளாஸ், ஸ்வெயின், கிறீன், ரொஜேர்ஸ், ஹேகன், லவரெல்லோ, ரெப்பெற்றோ ஆகிய ஏழு குடும்பப் பெயர்களே நெடுங்காலம் அத்தீவில் வழங்கின. 1867 இல் விக்டோரியா மகாராணியாரின் புதல்வரான எடின்பரோக் கோமகன் அங்கு வருகை தந்தார். அதன் நினைவாகக் குடியிருப்புக்கு ‘ஏழ்கடல் எடின்பரோ’ என்னும் நீண்ட பெயர் வாய்த்தது.

பெயர் பெரிதாயினும் வாழ்வு வளம்பெறவில்லை. 1853 இல் கிளாஸ் இறந்தபின் அவர் குடும்பத்தினருட் பலர் அமெரிக்கா சென்றனர். 1857 இல் மேலும் பலர் நன்னம்பிக்கை முனைக்கு அகன்றனர். 28 பேரே எஞ்சினர். நீராவிக் கப்பல்களுக்குக் காற்றின் தயவு வேண்டியிருக்கவில்லை. 1869 இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் கீழைத்தேயப் பெருவழியே மாறியது. திமிங்கில வேட்டையும் குன்றியது. பெருவழியின் ஓரத்திலிருந்த தீவு தானிருந்த இடத்திலேயே இருக்க, வழிதான் அதைவிட்டு விலகிச் சென்றது.

கப்பல் வருவது அரிதாக ஆக, வரும் கப்பலை விடாது பிடிக்கவேண்டிய தேவை கூடியது. 1885 நவம்பர் 28 ஆம் நாள், தூரத்தே தோன்றிய கப்பலொன்றுடன் பண்டமாற்றுச் செய்வதற்காக 15 ஆடவர் ஒரே வள்ளத்திற் புறப்பட்டனர். அவர்களுள் ஒருவரும் மீளவில்லை. நூறுபேரளவினரான ஒரு சமூகத்தில் வலுவுள்ள ஆடவருட் பெரும்பாலோர் ஒரே நாளில் மறைந்தனர் என்றால், அன்றிரவு அவ்வீடுகளில் எழுந்த ஓலத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம். அதன்பின்னும், தீவைக் கைவிட்டு வெளியேறும்படி அதிகாரிகள் பலகாற் கூறியும், பெரும்பாலோர் அசையவில்லை. விதவையர் உருளைக்கிழங்கு நட்டனர். சிறுவர் வள்ளம் வலிக்கக் கற்றனர்.

இரண்டாம் உலக யுத்தம் தீவின் தனிமையைச் சிறிது குறைத்தது. 1942 இல் பிரித்தானியக் கடற்படை அங்கு வானிலை அறியும் நிலையத்தையும் வானொலித் தொடர்பு நிலையத்தையும் அமைத்தது. அதன் பின்னரே கூலியும் பணமும் வழக்கில் வந்தன. அதற்கு முன்னர் உருளைக்கிழங்கே கொடுக்கல் வாங்கலில் பணத்தின் இடத்தைப் பெற்றிருந்தது. 1946 இல் உத்தேசிக்கப்பட்ட உள்ளூர் முத்திரை ஒன்றில், அதன் விலை ஒரு பென்ஸ் அல்லது நான்கு உருளைக்கிழங்கு எனக் குறிக்கப்பட்டிருந்தது. 1949 இல் சிங்கி இறாலைத் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலை எழுந்தது. தீவுமக்கள் கையிற் காசு புழங்கத் தொடங்கியது.

நேயர்களே, இத்தகைய நிலையிலேதான் 1961 ஆம் ஆண்டு வந்தது. ஓகஸ்ட் மாதம் முதல் நிலம் அதிரத் தொடங்கியது. நாளுக்கு நாள் அதிர்வு கடுமையாயிற்று. மலையிலிருந்து பாறைகள் உருண்டன. ஒக்டோபர் 9 ஆம் நாள் குடியிருப்பின் ஓரத்தில் நிலம் வெடித்து மேடாக எழும்பியது. எழுத்தில் அடங்காத பழமையுடைய அவ்வெரிமலை, மனிதர் தமது வீட்டுக் கொல்லையெனக் கருதிய இடத்திலேயே வாய்திறந்தது. அன்றிரவு மக்கள் உருளைக்கிழங்குத் தோட்டத்துக் குடிசைகளில் ஒதுங்கினர். மறுநாள் வள்ளங்களிலேறி, அண்மையில் நின்ற மீன்பிடிக் கப்பல்களின் துணையால் நைற்றிங்கேல் தீவை அடைந்தனர். அங்கிருந்து ஒல்லாந்தக் கப்பலான ‘சிசதானே’ அவர்களைக் கேப்டவுனுக்குக் கொண்டுசென்றது. 1961 நவம்பர் 3 ஆம் நாள் தீவுமக்கள் 264 பேர் இங்கிலாந்தின் சவுதாம்டன் துறைமுகத்தில் இறங்கினர். உயிரிழப்பின்றி ஒரு நாடே பெயர்ந்தது.

இங்கிலாந்து அவர்களை அன்புடனேயே வரவேற்றது. முதலில் ஒரு முகாமிலும், பின்னர் கல்ஷொட் என்னும் இடத்திலிருந்த பழைய விமானப்படை இல்லங்களிலும் அவர்கள் தங்கவைக்கப்பட்டனர். ஆடவருக்கு வேலை கிடைத்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. மின்விளக்கு, தொலைக்காட்சி, கடைத்தெரு எல்லாம் அருகிலிருந்தன. மருத்துவரும் மொழியாராய்ச்சியாளரும் அவர்களைத் தேடிவந்து ஆராய்ந்தனர். ஆயினும் முதற் குளிர்காலத்திலேயே நோய் அவர்களை வாட்டியது. வெளியுலகக் கிருமிகளுக்குப் பழக்கப்படாத உடல்கள் அவை. முதியோர் சிலர் அந்நிய மண்ணில் மாண்டனர். பூட்டாத கதவுகளுடன் வாழ்ந்தவர்கள் பூட்டக் கற்கவேண்டியதாயிற்று. தெருவில் எதிர்ப்படும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தவர்கள், எவர் பெயரும் தெரியாத கூட்டத்தின் நடுவே நடந்தனர்.

அதிகாரிகளின் எண்ணம் வேறாக இருந்தது. தொழிற்சாலையையும் வள்ளமிறங்கும் கரையையும் எரிமலைக் குழம்பு மூடிவிட்டது. இனி அங்கே எதை நம்பி வாழ்வது? எண்ணிக்கையிற் சிறிய ஒரு கூட்டத்தார்க்காக அரசு எவ்வளவு செலவிடுவது? இக்கேள்விகள் நியாயமற்றவை எனக் கூறிவிட முடியாது. இதற்கு 31 ஆண்டுகளுக்கு முன்னர், 1930 இல், ஸ்கொத்லாந்துக்கு மேற்கேயுள்ள சென் கில்டா என்னும் தீவிலிருந்த 36 பேரும் தாமே வேண்டிக்கொண்டு வெளியேறினர்; அக்குடியிருப்பு மறுபடி உயிர்பெறவில்லை. திரிஸ்தானும் அவ்வாறே முடியுமெனப் பலர் எதிர்பார்த்தனர்.

தீவுமக்களோ விடாது கேட்டுக்கொண்டிருந்தனர். 1962 இன் தொடக்கத்தில் அங்கு சென்ற விஞ்ஞானிகள் குழு, ஒரு வீடு தவிர ஏனைய வீடுகள் பெரும்பாலும் தப்பியுள்ளன எனக் கண்டது. அதே ஆண்டு செப்தெம்பரில் தீவுமக்கள் பன்னிருவர் முன்னணிக் குழுவாகச் சென்றிறங்கினர். கைவிடப்பட்ட நாய்கள் ஆடுகளை அழித்துவிட்டிருந்தன. இருப்பினும் அவர்கள் கூரைகளைச் செப்பனிட்டுக் கிழங்கு நட்டனர். டிசம்பரில் இங்கிலாந்திலிருந்த வளர்ந்தோரிடையே வாக்கெடுப்பு நடந்தது. திரும்புவதற்கு ஆதரவாக 148 வாக்குகள். எதிராக 5 வாக்குகள் மாத்திரமே. 1963 ஏப்ரலில் ஒரு பகுதியினரும், நவம்பரில் ‘போர்ன்ஹோம்’ என்னும் கப்பலில் பெரும்பகுதியினரும் தம் கரையை அடைந்தனர்.

இதனைக் கேட்போர், பழமையில் ஊறிய மக்கள் புதுமையை வெறுத்து ஓடினர் என எளிதில் முடிவுசெய்தல் கூடும். அது பொருந்தாது. தீவுமக்கள் இங்கிலாந்திற் கண்ட நல்லவற்றை வெறுக்கவில்லை. புதிய நடையுடைகளையும் பொருள்களையும் தம்முடன் கொண்டே சென்றனர். திரும்பியோருட் சிலர் 1966 இல் மறுபடியும் இங்கிலாந்துக்குப் புறப்பட்டனர் என்பதும் மறைக்கத்தக்கதன்று. தனிமையின் பாரம் எல்லோருக்கும் ஒரே அளவினதன்று.

அவ்வாறாயின் 148 பேரை ஈர்த்தது யாது? யான் கருதுவது இது. இங்கிலாந்தில் அவர்களுள் ஒருவர் வேலையை விட்டு நீங்கினால், மறுநாள் அவ்விடத்தில் வேறொருவர் நிற்பார். திரிஸ்தானில் ஒரு வள்ளத்தைக் கடலில் இறக்க வேண்டுமாயின் ஊரார் கைகள் அத்தனையும் வேண்டும். ஒரு வீட்டுக்குக் கூரை வேய்வதற்கு அயலார் அனைவரும் வருவர். அங்கே ஒருவர் இல்லாமை உடனே உணரப்படும். 1817 இல் எழுதப்பட்ட சமபங்கு உடன்படிக்கை காகிதத்திற் கிடந்த சொல்லன்று. நாள்தோறும் நடைபெற்ற வாழ்வு. அவ்வாழ்வை வேறெந்த நாடும் அவர்களுக்கு வழங்கியிருக்க முடியாது. ஓர் ஊரின் பெறுமதியை அதன் வருமானத்தையும் வசதியையும் கொண்டு வெளியார் கணக்கிடலாம். அங்கு பிறந்தவர்களின் கணக்கில் இன்னும் சில இனங்கள் சேர்கின்றன. அக்கணக்கையும் கேட்டறிந்த பின்னரே முடிவு செய்வது ஆள்வோர்க்கு அழகு.

திரும்பியோர் சும்மா இருக்கவில்லை. தொழிற்சாலை மீண்டும் எழுந்தது. சிங்கி இறால் இன்றும் அவர்களின் தலையாய வருவாய். 2011 மார்ச்சில் ‘ஒலிவா’ என்னும் சரக்குக்கப்பல் நைற்றிங்கேல் தீவில் மோதி எண்ணெய் பரவியபோது, தீவுமக்கள் கப்பலோட்டிகளை ஏற்று உபசரித்ததுடன், எண்ணெயில் தோய்ந்த ஆயிரக்கணக்கான பென்குயின்களையும் எடுத்துவந்து கழுவிப் பேணினர். 2020 இல், தம்மைச் சூழ்ந்த 6,87,000 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட கடலைப் பாதுகாக்கப்பட்ட வலயமாக அறிவித்தனர். 250 பேர்கூட இல்லாத ஒரு குடியிருப்பு, பல நாடுகளின் பரப்பைவிடப் பெரிய கடலுக்குக் காவலாயிற்று.

இறுதியாக ஒன்று. எரிமலைக் குழம்பு பழைய கரையை மூடியபின், அக்குழம்புக் கல்லின் ஓரத்திலேயே 1967 இல் புதிய சிறுதுறை ஒன்று கட்டிமுடிக்கப்பட்டது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் கல்ஷொட். இங்கிலாந்திலே தாம் அகதிகளாய்த் தங்கியிருந்த இடத்தின் பெயர் அது. தங்க இடமளித்தோரை அவர்கள் மறக்கவில்லை, தங்கிவிடவும் இல்லை. இன்றும் கடலுக்குச் செல்லும் ஒவ்வொரு வள்ளமும் அத்துறையிலிருந்தே புறப்பட்டு, அத்துறைக்கே மீள்கின்றது.